‘கிடைக்கலாம்’ என்று திருத்திய ஸ்டெல்லா அக்கா

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருக்கும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஆஸ்பத்திரியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணனின் எண்ணிலிருந்து போன் வந்தது. முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் அவர். போனில் பேசினாலும் பின்சீட்டுக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அன்று அவருடைய குரல் காதுக்கு எட்டவே இல்லை. ஒரு கையால் மறு காதை மூடிக்கொண்டு கேட்டேன்.

“சிஸ்டர், ஸ்டெல்லா போய்ட்டா.”

நான் நம்பவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, “காலைல ஆறரைக்கு” என்று சேர்த்துச் சொன்னார்.

பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்துவிட்டு, “இன்னாம்மா, தலை சுத்துதா? குந்து” என்று தன் ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அதில் சிறிது நேரம் உட்கார்ந்திருந்தேன். இதயப் பிரிவில் இருபது வருடங்களுக்கு மேல் வேலை செய்கிற செவிலி நான். சாவுச் செய்தியைச் சொல்லிச் சொல்லிப் பழகியவள். கேட்டுக்கொள்ளப் பழகவில்லை என்று அன்றுதான் தெரிந்தது.

சிட்லபாக்கம் மாதா கோயிலில் நடக்கும் முப்பதாம் நாள் பூசையில் நாலு வார்த்தை பேசச் சொல்லி அந்தோணி அண்ணன் கேட்டார். கூட்டத்தின் முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசிக்கட்டும். உங்களில் சிலர் திருமுடிவாக்கத்தில் அவருடன் வேலை பார்த்தவர்கள். சிலர் ஏரிக்கரையில் அவரோடு நடந்தவர்கள். நான் அறிந்தது ஆஸ்பத்திரிக்கு வந்த ஸ்டெல்லா அக்காவை. அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் என்னிடம் இருக்கின்றன.

ஏழு வருடங்களுக்கு முன் எங்கள் வெளிநோயாளர் பிரிவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார்கள். அப்போது அவருக்கு ஐம்பத்தோரு வயது. நெஞ்சில் பாரமாக இருக்கிறது என்று முதன்முதலில் சொன்னபோது, வாயுத் தொல்லை என்று சொல்லி இரண்டு வருடம் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பிறகு பைபாஸ் ஆனது. ஆனால் சர்க்கரை நோய் விடவில்லை. வைத்துத் தைத்த குழாய்களும் அடைத்துக்கொண்டன. ஆஞ்சியோகிராம் படத்தைப் பார்த்தால் அவருடைய இரத்தக் குழாய்கள் நூல் மாதிரி இருந்தன. ஸ்டென்ட் வைக்கவோ மறுபடி பைபாஸ் செய்யவோ இடமே இல்லை. கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் ஏழெட்டு அடிக்குள் வலி வந்துவிடும். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையை ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தாலிச் சங்கிலியோடு கோர்த்திருந்தார்.

அப்படிப்பட்டவர்களில் ஒரு சிலருக்கு எங்கள் தலைமை அறுவை மருத்துவர் ஒரு புதிய சிகிச்சையைச் செய்துகொண்டிருந்தார். அவரை நாங்கள் சீஃப் என்று அழைப்போம். இதயத் தசையில் லேசரால் மிக நுண்ணிய துளைகள் போடுவார். அந்தக் காயம் ஆறும்போது புதிய சிறு இரத்தக் குழாய்கள் முளைக்கக்கூடும். நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே எடுத்துப் பிரித்த செல்களை அதே இடத்தில் ஊசியால் செலுத்தினால், அந்த முளைப்புக்கு அவை உதவக்கூடும். இரண்டு ‘கூடும்’களை நம்பி நின்ற சிகிச்சை. ஆராய்ச்சி நிலையில் இருந்ததால் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடுதான் செய்ய முடியும். நோயாளிகளிடம் விளக்கிச் சொல்வதும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் பிறகு வருடக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து பார்ப்பதும் என் வேலை.

ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “எத்தனை பேருக்குப் பண்ணிருக்கீங்க, சிஸ்டர்?” என்றார்.

“மூணு பேருக்குங்க.”

“அதுல எத்தனை பேரு இப்ப மாடி ஏறுறாங்க?”

யாரும் அதுவரை என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. “ஒருத்தர் ஏறுறாரு. இன்னொருத்தருக்குக் கொஞ்சம் பரவாயில்ல. ஒருத்தருக்கு வித்தியாசமே தெரியல” என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்றார். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் பம்பு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அவர் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நான்கு நாள் கழித்து வந்தார். தமிழ்ப் படிவம், ஆங்கிலப் படிவம் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். தமிழில் ஒரே ஒரு இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தார்.

“இந்தத் தமிழ் யாரு எழுதுனது, சிஸ்டர்?”

“நான்தான்க்கா. ஏன், புரியலையா?”

“நல்லாப் புரியுது. அதான் பிரச்சினை.”

இரண்டு ஞாயிற்றுக்கிழமை சேலையூரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் மொழிபெயர்த்த படிவம் அது. நெஞ்சுவலியிலிருந்து நிவாரணம் கிடைக்கலாம் என்பது ஆங்கில வாசகம். நான் ‘நிவாரணம் கிடைக்கும்’ என்று எழுதியிருந்தேன். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள், குழு பார்த்தது, யார் கண்ணிலும் படவில்லை.

“கிடைக்கும்னா கேரண்டி. கிடைக்கலாம்னா, பாக்கலாம்னு அர்த்தம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு மனுஷன் உசுரு இருக்கு, சிஸ்டர்.”

திருத்த வேண்டும் என்றால் குழுவுக்கு மறுபடி அனுப்ப வேண்டும், அவருடைய ஆபரேஷன் தள்ளிப்போகும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “இதுலயே பேனாவால திருத்திக் கையெழுத்துப் போட்டுக்கலாமா?” என்றும் கேட்டுவிட்டேன்.

“எனக்கு மட்டும் திருத்திக் குடுத்தா, எனக்கு முன்னாடி போட்டாங்களே அந்த மூணு பேரு?”

பக்கத்தில் நின்ற அந்தோணி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாடி நீ, ஒரு எழுத்துக்காக உசுரோட வெளையாடுற? சிஸ்டர் தப்பா எழுதிட்டாங்க, ஒத்துக்கினாங்க. போடு கையெழுத்த!” என்று கத்தினார். காரிடாரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“கத்தாதீங்க. பஸ்ஸா இது?” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “நீங்க அனுப்புங்க. நான் காத்துகினு இருக்கேன்” என்றார்.

ஐந்து வாரம் ஆனது. ஐந்து வாரமும் அவர் வலியோடு காத்திருந்தார். முன்பே கையெழுத்துப் போட்ட மூன்று பேரையும் நான் போனில் கூப்பிட்டு, திருத்திய வாக்கியத்தைப் படித்துக் காட்டி, என் தவறைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர் பரவாயில்லை என்றார். எந்த வித்தியாசமும் தெரியாத அந்தப் பெரியவர் மட்டும் வாக்கியத்தை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். “அப்போ என் ஒடம்புதான் சரியில்லன்னு இத்தனை நாளா நெனச்சுகினு இருந்தேம்மா” என்றார். ‘கிடைக்கும்’ என்று நம்பி, கிடைக்காமல் போனதற்குத் தன்னைத்தானே குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஸ்டெல்லா அக்கா வட்டம் போட்ட இடத்தின் கனம் எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது.

ஐந்தாவது வாரம், வலி தாங்க முடியாமல் அவரை அவசரப் பிரிவில் சேர்த்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஆக்ஸிஜன் மாஸ்க், வியர்த்த நெற்றி. என்னால்தானே இப்படி என்று நினைத்துக்கொண்டே கட்டிலருகில் போனேன். அவர் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கி, “பேப்பர் வந்துடுச்சா?” என்று கேட்டார். “இன்னிக்குக் காலைலதான்க்கா வந்துச்சு” என்றேன். “அப்ப சரி” என்று மாஸ்க்கை விட்டார். அவரை நான் அக்கா என்று மனதார அழைக்க ஆரம்பித்தது அந்த நிமிடத்திலிருந்துதான்.

ஆபரேஷன் ஒரு வியாழக்கிழமை நடந்தது. காலையில் மயக்கம் கொடுப்பதற்கு முன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். “என் எலும்புலேருந்து எடுக்குறது வேற யாரோடதோடயும் மாறிடாதே?” என்றார். செல்களைக் கொண்டுவரும் பெட்டியில் ஒட்டப்போகும் லேபிளை அவர் கண்முன் காட்டினேன். பெயரையும் எண்ணையும் என்னை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்க வைத்தார். பிறகுதான் கண்ணை மூடினார்.

இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்தார்கள். மேல்மாடி ஆய்வகத்தில் அதைச் சுத்தம் செய்து, செல்களைப் பிரித்து, சின்னச் சின்ன ஊசிக் குழல்களில் அடைக்கும் வரை நான் வாசலில் நின்றேன். பெட்டியை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கினேன். தியேட்டருக்குள் போனபோது சீஃப் லேசரைத் தொடங்கியிருந்தார். இடது மார்புக்குக் கீழே விலா எலும்புகளுக்கு நடுவே சிறிதாகத் திறந்திருந்தார்கள். இதயத்தை நிறுத்தவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது. இதயத்தில் இரத்தம் நிறைந்திருக்கிற நொடியில் மட்டும் கருவி சுடும். ஒவ்வொரு தடவையும் எக்கோ திரையில் நீர்க்குமிழிகள் போல வெள்ளையாய்ப் பொங்கி மறையும். துளை உள்ளே போய்ச் சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். வெளியே கசிகிற இரத்தத்தின் மேல் சீஃப் தன் விரல் நுனியை வைத்து மெதுவாக அழுத்துவார். சிறிது நேரத்தில் நின்றுவிடும். விரலை எடுத்து அடுத்த இடத்துக்குப் போவார். எல்லாத் துளைகளும் முடிந்ததும் அவற்றின் ஓரங்களில் மெல்லிய ஊசியால் அந்தச் செல்களைச் செலுத்தினார். எத்தனையோ ஆபரேஷன் பார்த்திருக்கிறேன். அவருடைய இதயத்தின் மேல் ஒரு விரல் இருந்து இருந்து நகர்ந்ததை மட்டும் மறக்கவே முடியவில்லை.

வெளியே அந்தோணி அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். முடிந்தது, நன்றாக இருக்கிறார் என்றேன். “சண்டை போட்டுட்டுத்தான் சிஸ்டர் உள்ள அனுப்பிச்சேன்” என்று அழுதார். காபி ஆறிவிட்டது என்பதுதான் காலையில் நடந்த சண்டை.

மூன்று மாதத்தில் வலி குறையும் என்று நாங்கள் எதிர்பார்த்தோம். குறையவில்லை. ஒவ்வொரு நாளும் எப்போது வலித்தது, என்ன செய்துகொண்டிருந்தபோது வலித்தது, எத்தனை மாத்திரை வைத்தார் என்று எழுதிக்கொண்டு வர ஒரு நோட்டு கொடுத்திருந்தோம். அவருடைய நோட்டில் ஒவ்வொரு நாளும் சின்னச் சின்ன நேரான எழுத்தில் அதே பழைய வலிதான் இருந்தது. கடைசியில் ‘மாற்றம் இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். சீஃப் படித்துவிட்டு, “கொஞ்சம்கூட பெட்டரா இல்லையாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க” என்றார். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. ஸ்டெல்லா அக்காவுக்கும் அவரைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். “இல்ல டாக்டர். இருந்தா மொதல்ல உங்ககிட்டதான் சொல்வேன்” என்றார்.

ஆறு நிமிட நடைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. காரிடாரில் இரண்டு முனைகளிலும் அடையாளம் வைத்து, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று பார்ப்போம். அவர் நடக்கும்போது நான் எதிர் முனையில் நின்றுகொண்டிருந்தேன். பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, “சிஸ்டர், அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க” என்றார்.

“ஏன்க்கா?”

“நீங்க ஆசையா பாத்துகினு நின்னா, உங்களுக்காக நாலு அடி கூட நடந்துடுவேன். அப்புறம் அது என் கணக்குல வந்துடும்.”

நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். பின்னால் அவருடைய ரப்பர் செருப்புச் சத்தம் மெல்ல மெல்லக் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. அன்றிலிருந்து எந்த நோயாளி நடந்தாலும் நான் முகம் காட்டி நிற்பதில்லை.

ஐந்தாவது மாதம், ஒரு சனிக்கிழமை மாலை போன் செய்தார். மூச்சு வாங்கியது. “சிஸ்டர், ஏரிக்கிட்ட உக்காந்துகினு இருக்கேன்” என்றார். “அண்ணன் எங்க? மாத்திரை வச்சீங்களா? ஆட்டோவ வரச்சொல்லட்டுமா?” என்று கேட்டுக்கொண்டே போனேன்.

“எதுக்கு ஆட்டோ? நடந்து வந்தேன். வீட்டுலேருந்து. ரெண்டு எடத்துல உக்காந்தேன். மாத்திரை வைக்கல.”

ஏரிப் பக்கம் பிள்ளைகள் சைக்கிள் மணி அடிப்பது போனில் கேட்டது. “ரெண்டு எடத்துல உக்காந்தேன்னு எழுதிக்குங்க. ஒரு எடம்னு எழுதிடாதீங்க” என்று சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அது சின்னப் பெண்ணின் சிரிப்பு.

அடுத்த வருடம் அரை நாள் வேலைக்குத் திரும்பப் போனார். இது உங்களில் பலருக்குத் தெரியும். முதல் நாளே ஒரு பெட்டி நிறைய பாகங்களைச் சரியில்லை என்று திருப்பி அனுப்பினாராமே? “இன்னும் ரெண்டு மாசம் ரெஸ்ட் எடுத்துட்டு வந்திருக்கலாம்” என்று உங்கள் சூப்பர்வைசர் புலம்பியதாகச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் எழுந்து நடந்த செய்தி பரவியது. ஸ்டெம் செல் போட்டால் எந்த நோயும் தீரும் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்த ஒரு தனியார் கிளினிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள். பள்ளிக்கரணையில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போடுகிறோம், மேடையேறி இரண்டு வார்த்தை பேசினால் போதும் என்றார்கள். போகாதீர்கள் என்று நான் தடுத்தேன். “என்னைக் கூப்பிட்டுட்டாங்க இல்ல? நான் பேசலன்னா என் பேரைச் சொல்லி அவங்க பேசுவாங்க” என்றார். நானும் கூடப் போனேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. கைத்தாங்கலாக வந்தவர்கள், மூக்கில் குழாயோடு வந்தவர்கள். ஸ்டெல்லா அக்கா மைக்கைப் பிடித்தார். “எனக்கு லேசர் பண்ணாங்க. என் செல்லையே எடுத்துப் போட்டாங்க. அதே நேரத்துல மாத்திரையும் மாத்தினாங்க. இப்ப நான் ஏரி வரைக்கும் நடக்குறேன், நடுவுல உக்காருறேன். மூணுல எது வேலை செஞ்சுதுன்னு என் டாக்டருக்கே தெரியாது. எனக்கு முன்னாடி பண்ணிக்கிட்ட ஒருத்தருக்கு ஒண்ணுமே ஆகல” என்றார். அதற்குள் ஒருவர் வந்து சிரித்துக்கொண்டே மைக்கை வாங்கிக்கொண்டார். கைதட்டல் இல்லை.

வெளியே வரும்போது ஒரு மனிதர் பின்னாலேயே ஓடி வந்தார். பெருங்களத்தூரிலிருந்து வந்திருந்தார். அவர் மனைவிக்கு இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டிருந்தது. “அக்கா, இவங்க பண்ணுவாங்கன்னு நம்பி வந்தேன். இப்ப நான் இன்னா பண்றது?” என்றார். குரலில் கோபமும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது. அவர் கையிலிருந்த நம்பிக்கையைப் பிடுங்கிவிட்டோமே என்று எனக்கு உறுத்தியது. ஸ்டெல்லா அக்கா அவரை அப்படியே விட்டுவிடவில்லை. மறுநாளே அந்த அம்மாவை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரச்செய்தார். பரிசோதித்துப் பார்த்த சீஃப், இந்த இதயம் ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார். மருந்துகளைச் சீராக்கிக் கொடுத்தோம். எட்டு மாதம் இருந்தார் அந்த அம்மா. அந்த எட்டு மாதமும் வாரத்தில் ஒரு நாள் ஸ்டெல்லா அக்கா பெருங்களத்தூருக்கு ஷேர் ஆட்டோவில் போய் அவரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு வருவார். என்ன பேசுவீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். “சீரியல்தான்” என்றார்.

இவ்வளவு சொன்ன பிறகு இதையும் சொல்லாவிட்டால் அவருக்கே பிடிக்காது. எங்களிடம் இம்மி பிசகாமல் உண்மை சொன்னவர், ஒருவரிடம் மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது வருட முடிவில் வலி மெதுவாகத் திரும்பி வந்தது. நோட்டில் ஒழுங்காக எழுதினார். அந்தோணி அண்ணனிடம் மட்டும் “ஒண்ணுமில்ல, அசதி” என்றார். நோட்டை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார்.

ஒருநாள் அந்தோணி அண்ணன் மட்டும் தனியாக ஆஸ்பத்திரிக்கு வந்தார். “சிஸ்டர், நோட்டுல இன்னா எழுதிக்கீதுன்னு சொல்லுங்க. ராத்திரி அவ திரும்பிப் படுத்துகினு மாத்திரை போடுறா. நான் தூங்குற மாதிரி நடிச்சுகினு கெடக்குறேன். இப்பிடி எத்தினி நாளைக்கு?” என்றார். நோயாளி அனுமதி இல்லாமல் நான் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை அக்கா வந்தபோது கேட்டுவிட்டேன்.

“எங்கிட்ட சொல்ற உண்மைய அண்ணன்கிட்டயும் சொல்லுங்களேன்க்கா.”

அவர் முகம் மாறியது. “அது என் குடும்ப விஷயம், சிஸ்டர்.”

“அவரு தூங்கலக்கா. தூங்குற மாதிரி நடிக்கிறாரு.”

நோட்டை மூடிப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தபோதும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். மூன்றாவது தடவை அந்தோணி அண்ணனும் கூடவே உள்ளே வந்து உட்கார்ந்தார். நோட்டு அவர் கையில் இருந்தது. நான் கேட்பதற்கு முன்பே, “செவ்வாக்கெழம ரெண்டு மாத்திரை, துணி காயப்போடுறப்போ” என்று படிக்க ஆரம்பித்தார். ஸ்டெல்லா அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது என் தோளைத் தட்டிவிட்டு, “உங்களுக்கு வாய் ஜாஸ்தி, கலை” என்றார். கலைவாணி என்ற என் பெயரை அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை நான் சிஸ்டர்தான்.

அவர் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இதயம் தளர்ந்துபோய்க் கால்கள் வீங்கியிருந்தன. படுக்கையை ஜன்னலோரம் மாற்றியிருந்தார்கள். சமையலறையில் அந்தோணி அண்ணன் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். “புளிய அள்ளிப் போடாதீங்க!” என்று இங்கிருந்தே அக்கா குரல் கொடுத்தார். அந்தச் சிறு கூச்சலுக்கே மூச்சு இரைத்தது. பிறகு என்னிடம் மெதுவாக, “எவ்ளோ நாள் இருக்கும், கலை?” என்றார்.

எத்தனையோ பேருக்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். “தெரியலக்கா. ரொம்ப நாள் இல்லன்னு தோணுது” என்றேன்.

“எனக்கும் அப்பிடித்தான் தோணுது” என்றார். “ஆனா ஏழு வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு. எதனாலன்னு தெரியாட்டி இன்னா?” அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருமென்று நான் எதிர்பார்க்கவில்லை. சேர்ந்து சாப்பிட்டோம். குழம்பில் புளி அதிகம்தான்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபின் அந்தோணி அண்ணன் கடைசி நாள் காலையைச் சொன்னார். ஆறு மணிக்கு அக்கா அவரை எழுப்பியிருக்கிறார். “வலிக்குதுங்க. ரொம்ப வலிக்குது. ஆஸ்பத்திரிக்கு வேணாம், பக்கத்துல உக்காருங்க” என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் அக்காவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். “எங்கிட்ட சொல்லிட்டுத்தான் சிஸ்டர் போனா. மறைக்கல” என்று அவர் சொன்னபோது அவர் முகத்தில் துக்கத்தோடு கூட ஒரு பெருமையும் இருந்தது.

அவருடைய நோட்டுகள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றன. பாகங்களை அளந்து பார்க்க அவர் வைத்திருந்த மைக்ரோமீட்டரை உங்கள் கம்பெனிக்கே கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் அவருடையது என்று ஒரு பொருளும் இல்லை. ஒரு பகல் மட்டும் இருக்கிறது.

இரண்டு வருடங்களுக்கு முன் என் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. தியேட்டர் கதவுக்கு அந்தப் பக்கமே வாழ்ந்த எனக்கு, அன்று இந்தப் பக்கம் நிற்கத் தெரியவில்லை. யாரிடம் கேட்டாரோ, ஸ்டெல்லா அக்கா ஒரு பையில் இட்லிப் பொட்டலத்தோடு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். “அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது இல்லக்கா?” என்று கேட்டேன். நான் கேட்டது ஒரு பொய்யைத்தான். அது அவருக்கும் தெரிந்திருக்கும். அவர் ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான்கு மணி நேரம் விடவில்லை. அம்மா பிழைத்துவிட்டார், வாக்கர் வைத்து நடக்கிறார்.

இருபது வருடப் பழக்கம், யார் கையைப் பிடித்தாலும் என் விரல்கள் தானாகவே நாடியைத் தேடிப் போய்விடும். அன்றும் போயின. அவருடைய மணிக்கட்டில் அது சன்னமாக அடித்துக்கொண்டிருந்தது. சுவரில் கடிகாரம் எதிரேயே இருந்தது. நான் எண்ணவில்லை. எண்ணாமல் அப்படியே விரலை வைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த எண்ணாத துடிப்புதான்.